கைதட்டல் எங்க விழுகுது? யாழ்ப்பாணத்துப் பாராட்டின் ஒரு சிறு வரலாறு

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்." யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆருக்கும் இந்தப் பழமொழிக்கு விளக்கம் தேவையில்லை. கோறணமேந்து எண்டால் கவண்மென்ற். என்ன வேலை என்பது பிறகு; அரசாங்க வேலையா என்பதுதான் முதற் கேள்வி. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இதற்குள் ஒரு வரலாற்றுக் கேள்வி கிடக்கிறது. புகையிலையும் வெங்காயமும் பனையும் கடலும் சோறு போட்ட ஒரு குடாநாடு, ஏறக்குறைய நூறு வருசத்துக்குள் எப்படிப் பரீட்சையையும் பேனையையும் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தது?

வழமையான பதில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆறில்லாத மண், அமெரிக்க மிசன், ஆங்கிலப் படிப்பு, காலனித்துவ அரசின் எழுதுவினைஞர் வேலைகள். இதெல்லாம் சரி. ஆனால் இந்தப் பதில் வாய்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டுந்தான் சொல்கிறது. விடிய ஐஞ்சு மணிக்கு எழும்பி விளக்கடியில் குந்தியிருந்து பாடமாக்குகிற பத்து வயதுப் பிள்ளை, பதினைந்து வருசம் கழித்து வரப்போற சம்பளத்துக்காக அதைச் செய்வதில்லை. அந்தப் பிள்ளையை அந்த இடத்தில் இருத்தி வைக்கிறது அதைவிடக் கிட்ட இருக்கிற ஒன்று: அப்பாவின் முகம், வாத்தியாரின் ஒரு சொல், வீட்டுக்கு வாற மாமி கேட்கிற கேள்வி. நடத்தை உளவியல் இதற்கு 'சமூக மீளவலியுறுத்தல்' என்று பேர் வைத்திருக்கிறது. மற்றவர்கள் தருகிற கவனமும் பாராட்டும் அன்பும் ஒரு நடத்தையைத் திரும்பத் திரும்ப வரச் செய்கின்றன என்பதுதான் அதன் சாரம்.

எங்கட குடாநாட்டு வரலாற்றின் சில கட்டங்களை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறோம். கண்ணாடியில் தெரியாமல் போகிற இடங்களையும் சொல்லுவோம்.

ஒரு "ம்ம்" செய்கிற வேலை

முதலில் உளவியலைச் சுருக்கமாக. 1898இல் எட்வேட் தோர்ண்டைக் பூனைகளைப் புதிர்ப் பெட்டிகளுக்குள் விட்டு அவதானித்தார். கதவைத் திறந்து உணவைப் பெற்றுத் தந்த அசைவு அடுத்தடுத்த தடவைகளில் விரைவாக வந்தது. பயன் தராத அசைவுகள் மெல்ல மறைந்தன. நல்ல விளைவைத் தருகிற செயல் நிலைக்கும் என்ற இந்த விதியை எடுத்து, பி. எஃப். ஸ்கின்னர் முழு நடத்தை உளவியலையும் கட்டினார். மனித நடத்தை பற்றி அவர் 1953இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான இடம் வருகிறது. மனிசருக்குச் சோறும் தண்ணியும் மட்டும் பரிசு இல்லை. மற்றவர்களின் கவனம், அங்கீகாரம், பாசம் ஆகியவையும் வலிமையான பரிசுகள். ஏன்? ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அதற்குப் பின்னால் சாப்பாடு, உதவி, வேலை, கலியாணம் எல்லாம் வரும். வாழ்க்கை முழுக்க அப்படி வந்து பழகியதால் அந்தத் தலையாட்டலே தனியாக ஒரு பரிசாகி விடுகிறது.

இது எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யும் என்பதற்கு ஜோயல் கிரீன்ஸ்பூன் 1955இல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். மாணவர்களை இருத்தி, வாயில் வருகிற சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் பன்மைச் சொல் வரும்போது மட்டும் "ம்ம்" என்று ஆமோதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். பன்மைச் சொற்கள் கூடத் தொடங்கின. தங்களுக்கு என்ன நடக்கிறது என்பது பங்குபற்றியவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியவே இல்லை. அந்த "ம்ம்"க்குப் பதிலாக மறுக்கிற மாதிரி "ம்ஹும்" என்றபோது பன்மைச் சொற்கள் குறைந்தன.

1964இல் வெளியான இன்னொரு ஆய்வு அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் நடந்தது. நடக்கத் தெரிந்தும் பெரும்பாலான நேரம் தவழ்ந்துகொண்டே இருந்த ஒரு மூன்று வயதுச் சிறுமி. அவள் தவழும்போதெல்லாம் ஆசிரியைகள் ஓடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். பிறகு இதைத் தலைகீழாக்கினார்கள்: தவழும்போது கண்டுகொள்வதில்லை, எழும்பி நின்றால் உடனே போய்க் கதைப்பது. கொஞ்ச நாளிலேயே பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. திரும்பப் பழையபடி செய்து பார்த்தபோது தவழ்தல் திரும்பி வந்தது.

இந்த ஆய்விலிருந்து ஒரு விசயத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கோ, கட்டுரை முழுக்க வரும். ஆசிரியைகள் நினைத்தது பிள்ளையைத் தேற்றுவது. ஆனால் அவர்களுடைய அன்பு வலுப்படுத்தியது தவழ்தலை. பரிசு கொடுப்பவரின் நோக்கத்தை அது பார்ப்பதில்லை. எந்தச் செயலுக்குப் பின்னால் போய் விழுகிறதோ அந்தச் செயலைத்தான் வலுப்படுத்தும்.

வட்டுக்கோட்டையில் விழுந்த பரிசு

அமெரிக்க மிசனரிமார் 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய நோக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை: சனத்தைக் கிறிஸ்தவராக்குவது. அதற்கு அவர்கள் தேர்ந்த வழி விடுதிப் பாடசாலை. பிள்ளைக்குச் சாப்பாடு, உடுப்பு, இருக்க இடம், எழுத்து. 1823இல் டானியல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்.

பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவது அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் நினைத்துக்கூடப் பார்க்காத காரியம். 'ஆர் கட்டுவான்?' என்பதுதான் தாய் தகப்பனின் பயம். அந்தப் பயத்துக்கு மிசன் தந்த மருந்து சீதனம். படிப்பை முடித்து, மிசனின் சம்மதத்தோடு கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிசனே ஒரு தொகையைக் கொடுத்தது. ஊரில் ஏற்கெனவே பெறுமதி இருந்த ஒன்றை எடுத்து, ஊரில் பெறுமதி இல்லாத ஒரு செயலுக்குப் பின்னால் வைத்தார்கள். ஸ்கின்னர் பிறக்க எண்பது வருசத்துக்கு முன்னமே இதைச் செய்தார்கள்.

பரிசு இந்தப் பக்கம் மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் காசு கொடுத்த உபகாரி தன் பேரை ஒரு யாழ்ப்பாணப் பிள்ளைக்கு வைக்கலாம். அதனால்தான் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யின் முதல் ஆசிரியர்களின் பேர் ஹென்றி மார்ட்டின், செத் பேசன் என்று இருக்கிறது. இரண்டு பேரும் வட்டுக்கோட்டையில் படித்த எங்கட ஊர்த் தமிழர். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட் என்ற பேர் வந்ததும் இதே மாதிரித்தான். உபகாரிக்கு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தன் பேரோடு ஒரு உயிர் வளர்கிற திருப்தி. அந்தத் திருப்தி அடுத்த வருசக் காசையும் அனுப்ப வைத்தது. அங்கும் ஒரு மீளவலியுறுத்தல்.

செமினரியின் படிப்புத் தரம் உயர்ந்தது. கணிதம், வானியல், தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம், ஆங்கிலம் எல்லாம் இருந்தன. 1850இல் எமர்சன் ரெனன்ற் எழுதிய நூலில் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். ஆனால் மிசன் எதிர்பார்த்தது இதை இல்லை. உள்ளே இருக்கும் வரை சபையில் சேர்ந்த பெடியளில் பலர் வெளியே போனதும் சைவத்துக்குத் திரும்பினார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியம் செய்யப் போகாமல் அரசாங்க வேலைக்குப் போனார்கள். 1855இல் அமெரிக்காவிலிருந்து றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழு இதையெல்லாம் பார்த்தது. அதே வருசம் செமினரி மூடப்பட்டது.

மிசனரிமார் இதைத் தோல்வி என்று பார்த்தார்கள். சனம் நன்றி கெட்டது என்று சொல்லவும் ஆக்கள் இருந்திருப்பினம். ஆனால் அந்தத் தவழும் சிறுமியை நினைத்துப் பாருங்கோ. சாப்பாடும் உடுப்பும் மரியாதையும் எந்தச் செயலுக்குப் பின்னால் விழுந்தன? நன்றாகப் படிப்பதற்கும், பரீட்சையில் தேறுவதற்கும், ஆங்கிலத்தில் பேசுவதற்கும். மனசுக்குள் இருக்கிற விசுவாசத்தை ஆரும் பார்க்கேலாது, அதனால் அதற்குப் பரிசும் கொடுக்கேலாது. கண்ணுக்குத் தெரிந்தது படிப்பு. படிப்பு வளர்ந்தது. செமினரி மூடி இரண்டு வருசத்தில், 1857இல், அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வந்தார்கள். அதே தாமோதரம்பிள்ளை பிறகு சைவராக வாழ்ந்து, 'வீரசோழியம்' (1881), 'கலித்தொகை' (1887) போன்ற நூல்களை ஏட்டிலிருந்து பதிப்பித்தார். மிசன் விதைத்தது ஒன்று, முளைத்தது இன்னொன்று என்று சொல்லுவார்கள். தண்ணி எதற்கு ஊற்றப்பட்டதோ அது முளைத்தது என்பதுதான் சரி.

ஊர் தன் கையில் எடுத்தது

இந்தப் பாடத்தை மிசனரிமாரைவிட ஆறுமுக நாவலர் நன்றாக விளங்கிக்கொண்டார் என்று எங்களுக்குப் படுகிறது. மெதடிஸ்ற் மிசன் பாடசாலையில் பீற்றர் பேர்சிவலோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். மிசனின் முறைகளைக் கிட்ட நின்று பார்த்தவர். 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய சைவப் பிரசங்கம் தொடங்கியது. பிறகு வெள்ளிக்கிழமை தோறும் நடந்தது. அடுத்த வருசம், 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. நல்லூர் ஆறுமுகம்பிள்ளை நாவலர் ஆனது அன்றைக்குத்தான்.

இந்தப் பட்டத்தைச் சின்ன விசயமாக நினைக்கக் கூடாது. அதுவரைக்கும் படித்த பெடியனுக்குக் கைதட்டல் ஒரு பக்கத்தில் இருந்துதான் வந்தது. இப்போது கோயில் மண்டபம், ஆதீனம், சைவப் பாடசாலை என்று இன்னொரு சபை உருவாகிவிட்டது. சைவனாக இருந்துகொண்டே படிக்கலாம், பேசலாம், அதற்கு ஊரும் ஆதீனமும் மதிப்புத் தரும். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி தலையெடுத்ததும் இந்த வழியில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் மலாயா கதவு திறந்தது. றெயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்துப் பெடியள் கூட்டங் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். மணியோடர் வந்தது, கல்வீடு எழும்பியது. திரும்பி வந்தவர் 'மலாயன் பென்சனியர்' என்ற மரியாதையோடு ஒழுங்கையில் நடந்தார். உளவியலாளர் அல்பேட் பண்டுரா 1960களில் காட்டிய விசயம் இங்கே பொருந்தும்: பரிசு எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றில்லை, இன்னொருவருக்குக் கிடைப்பதைப் பார்த்தாலே போதும், அந்த நடத்தை எங்களிடமும் வரும். பென்சனியர் நடந்துபோற ஒழுங்கையின் இரண்டு பக்க வேலிக்குள்ளும் நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். தாய்மாரும் பார்த்தார்கள். மாப்பிள்ளைச் சந்தையில் உத்தியோகத்துக்கு விலை கூடியது. படிப்பு, உத்தியோகம், சீதனம், வீடு என்று ஒன்றை ஒன்று இழுக்கிற சங்கிலி இறுகியது. முந்தி மிசன் பெண்பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்த சீதனம், இப்போது ஆண்பிள்ளையின் படிப்புக்குப் பெண் வீட்டார் கொடுக்கிற சீதனமாகத் திரும்பி நின்றது.

ஒரே வாங்கு, ஒரே பந்தி

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தக் கைதட்டல் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பலருக்குப் பாடசாலைக் கதவே திறக்கவில்லை. திறந்த இடங்களிலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இவர்கள் நிலத்தில். ஒரே செயல், அதாவது படிப்பு, ஒரு பிள்ளைக்குப் பாராட்டையும் இன்னொரு பிள்ளைக்கு அடியையும் அவமானத்தையும் கொண்டுவந்தது. அந்தச் சமூகங்களிலிருந்து படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால், அது ஊரின் பாராட்டால் வந்ததில்லை. ஊரின் தண்டனையைத் தாண்டி வந்தது.

ஊர் முழுக்கத் தண்டிக்கிற ஒன்றை ஒருவர் எப்படித் தொடர்ந்து செய்ய ஏலும்? இந்தக் கேள்விக்கு 1920களில் இருந்து ஒரு பகுதிப் பதில் கிடைக்கிறது. 1924 டிசம்பரில் ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய கூட்டாளிகளும் யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது வாலிபர் காங்கிரஸ் ஆனது. தொடங்கியவர்கள் எங்கட வயசுக்காரர். சாதி வேற்றுமையை ஏற்பதில்லை என்றும், தமிழுக்கும் சிங்களத்துக்கும் கல்வியில் இடம் வேண்டும் என்றும், நாட்டுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்றும் பேசினார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை.

ஆனால் எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பெரிய நிகழ்ச்சிகள் இல்லை. சமபந்திப் போசனமும் சம ஆசனமும்தான். ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுவது, ஒரே வாங்கில் இருந்து படிப்பது. வீட்டுக்குப் போனால் ஏச்சு, சொந்தக்காரர் கதைக்க மாட்டினம், சம்பந்தம் குழம்பும். இவ்வளவு தண்டனை இருக்கும்போது ஒரு வேளாளப் பெடியன் தனியாக இதைச் செய்திருப்பானா என்பது சந்தேகம். காங்கிரசின் கூட்டங்கள் அவனுக்கு வேறொரு சபையைக் கொடுத்தன. அந்தச் சபையில் சேர்ந்து சாப்பிடுபவருக்குத்தான் மதிப்பு. ஊரின் "ம்ஹும்"க்கு எதிராக இன்னொரு இடத்திலிருந்து ஒரு "ம்ம்".

எதிர்ப்பும் லேசாக இருக்கவில்லை. அரசு உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்று 1920களின் இறுதியில் உத்தரவு வந்தபோது அதை எதிர்த்து மனுக்கள் போயின. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்த சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. படிப்பை இவ்வளவு போற்றிய ஒரு சமூகம் பாடசாலையை எரித்தது என்றால், அது போற்றியது படிப்பையா, படிப்பு தங்களுக்குத் தந்த உயரத்தையா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சாதி ஒழிப்பின் வரலாற்றை உயர்சாதி இளைஞரின் நல்ல மனசுக் கதையாக எழுதக் கூடாது. போராட்டத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்களே. அவர்கள் தங்களுக்குத் தாங்களே சபையாக இருந்தார்கள்: சங்கங்கள், வாசிகசாலைகள், இரவுப் பாடசாலைகள், பிறகு சிறுபான்மைத் தமிழர் மகாசபை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் தேத்தண்ணிக் கடைகளில் தனிப் போத்தலும் தகரப் பேணியும் தொடர்ந்தன. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் கைதட்டலுக்காக நடந்தவை இல்லை. அடி விழும் என்று தெரிந்தே போனார்கள். பரிசும் தண்டனையும் என்ற கணக்குக்குள் இதை முழுக்க அடக்க ஏலாது. மனிசருக்கு நீதி பற்றிய ஒரு உணர்வு இருக்கிறது. ஸ்கின்னரின் கண்ணாடியில் அது மங்கலாகத்தான் தெரியும்.

சங்கிலி அறுந்த காலம்

1970களில் அரசு அந்தப் பழைய சங்கிலியின் நடுவில் கை வைத்தது. பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. வரலாற்றாசிரியர் கே. எம். டி சில்வா தரும் கணக்கின்படி, மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதும். பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது பின்தங்கிய தமிழ் மாவட்டங்களுக்கும் சில இடங்கள் கிடைத்தன என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிற நாங்கள் மறைக்கக் கூடாது. ஆனாலும் தமிழில் எழுதியதற்காகவே கூடப் புள்ளி கேட்டது அநியாயம். அதில் ரண்டு கதை இல்லை.

நூறு வருசமாகப் 'படி, கிடைக்கும்' என்று பழகிய ஒரு சமூகத்துக்குத் திடீரென்று 'படி, கிடைக்காது' என்று ஆனது. பழகிய பரிசு நின்றுபோனால் கோபம் வரும் என்று புறாக்களை வைத்துக் காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் புறாவை வைத்து ஒரு சனத்தின் அரசியலை விளக்கேலாது. அந்தக் கோபத்துக்கு மொழிச் சட்டமும் கலவரங்களும் உடைந்த ஒப்பந்தங்களும் என்று நியாயமான காரணங்கள் இருந்தன. எங்களுக்கு உளவியல் உதவுவது வேறொரு இடத்தில்: கைதட்டல் எங்கே இடம் மாறியது என்று பார்ப்பதில்.

அந்த வருசங்களில் அரசியல் மேடைகளில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தப் பொட்டு வைத்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது, மேடை அதை ஏற்றுக்கொண்டது. 1974 ஜூன் 5ஆம் திகதி உரும்பிராயைச் சேர்ந்த பொன். சிவகுமாரன் பொலிஸிடம் அகப்படாமல் சயனைட் அருந்தி இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் பெருஞ்சனம் திரண்டது. அழுதவர்களின் அழுகை உண்மை. இறந்தவருக்கு மரியாதை செய்தது பிழை என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்ற பதினைந்து, பதினாறு வயதுப் பெடியள் எதைப் பார்த்தார்கள்? இந்த ஊர் இதுவரை ஒரு டொக்டருக்கும் கொடுக்காத மரியாதை அங்கே நின்றது. மேடையில் இருந்த பெரியவர்கள் தாங்கள் செய்யாத ஒன்றுக்குக் கைதட்டினார்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் மேடையில் இருந்தவர்கள் இல்லை. இதற்குப் பிறகு நடந்ததை ஒரு பந்தியில் எழுத எங்களால் முடியாது, எழுதவும் கூடாது. இன்றைக்கும் ஒருவரை ஒரு செயலுக்காகப் புகழ்கிற எந்த மேடையிலும், அந்தச் செயலின் விலையை ஆர் கொடுக்கிறார் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லுவோம்.

இப்ப விழுகிற கைதட்டல்

யுத்தம் முடிந்த பிறகு பழைய சங்கிலி திரும்ப ஓடத் தொடங்கியது. உயர்தரப் பெறுபேறு வந்தால் சந்திகளில் பனர் ஏறும். மூன்று ஏ, மாவட்ட நிலை, ரியூசன் சென்ரரின் பேர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே பத்து வயதுப் பிள்ளைக்குப் பொன்னாடை போர்க்கினம். வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டில் அன்றைக்குச் செத்தவீடு மாதிரி இருக்கும். எங்களைப் போல ஆட்ஸ் படிக்கிறவர்களிடம் "என்ன படிக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு "ஓ..." என்று ஒரு சத்தம் வரும். கிரீன்ஸ்பூனின் "ம்ஹும்" அதுதான்.

பாராட்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையைப் பாராட்டத்தான் வேணும். ஆனால் 1855இல் வட்டுக்கோட்டையில் எழுந்த கேள்வி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது: இந்தப் பனர் எந்தச் செயலுக்குப் பின்னால் விழுகிறது? விளங்கிப் படித்ததற்கா, பழைய வினாத்தாளைப் பாடமாக்கியதற்கா? 1973இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், படம் கீற விருப்பமுள்ள பாலர்களில் சிலரிடம் 'கீறினால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி, கீறியதும் கொடுத்தார்கள். பிறகு சுதந்திரமாக விட்டபோது, மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் படம் கீறியது குறைவு. விருப்பத்துக்காகச் செய்ததைச் சான்றிதழுக்காகச் செய்வதாக மாற்றிவிட்டார்கள். உயர்தரம் முடிந்த கையோடு புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுகிற எங்கட வழக்கத்துக்கும் இதற்கும் சொந்தம் இருக்கு.

கைதட்டல் விழாத செயல்கள் எவ்வளவு இருக்கின்றன என்றும் பாருங்கோ. வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பனர் இல்லை. கிணத்துத் தண்ணியைப் பரிசோதிச்சுப் பார்த்தவனுக்கு இல்லை. சீதனம் வேண்டாம் என்று கலியாணம் செய்தவரை ஊர் 'என்னவோ குறை இருக்கு' என்றுதான் கதைக்கும். நல்லாத் தோட்டம் செய்கிற இளைஞனுக்குப் பொன்னாடை போர்த்தி நாங்கள் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஆரும் தடை செய்யவில்லை. ஒரு "ம்ம்"கூடச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அது போதும், ஒரு தலைமுறையில் மறைந்துபோக.

வாலிபர் காங்கிரஸ்காரர் செய்தது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. ஊரின் பாராட்டை எதிர்பார்க்காமல், தங்களுக்குள் ஒரு சின்னச் சபையை உருவாக்கி, தாங்கள் மதிக்கிறதை அங்கே மதித்தார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்தால் இன்றைக்கும் அது நடக்கும். கூட்டாளி ஒருத்தி ஒரு நல்ல கேள்வி கேட்டால் அன்றைக்கே அவளிடம் அதைச் சொல்லலாம். சீதனம் வாங்காமல் கட்டினவன்ர கலியாண வீட்டில் முதல் வரிசையில் போய் இருக்கலாம்.

வரலாறு படிக்கிறவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. எங்கட வீடுகளின் அலுமாரிக்குள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுகள், நினைவு மலர்கள், பாடசாலைப் பரிசளிப்பு விழா அறிக்கைகள் கிடக்கின்றன. நூலகம் எண்ணிம நூலகத்திலும் நிறைய இருக்கின்றன. எந்தப் பிள்ளை என்ன உத்தியோகம், எந்த மருமகன் எந்த நாட்டில் என்று அவற்றில் வரிசையாக இருக்கும். ஒரு ஊர் முப்பது, நாற்பது வருசமாக எதைச் சொல்லப் பெருமைப்பட்டது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஆளுக்கு ஒரு ஊரை எடுத்து, பத்துக் கல்வெட்டைப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கோ. குறிப்பாகப் பெண்களின் கல்வெட்டுகளை. அவர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைகளில் எத்தனைக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது என்று எண்ணினாலே ஒரு கட்டுரை வரும்.